குழந்தைகளின் குரல் பரிசோதனை: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பேச்சு, குரல் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சமாகவும் பரிசோதனையைப் பற்றி நிறையவும் இருக்கும். குரல் கம்மல் நோயின் பெயர் அல்ல, ஓர் அறிகுறி. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே மாத்திரையும் பயிற்சியும் தொடங்கிவிடுவதுதான் குழந்தைகளுக்கு நடக்கும் பெரிய தீங்கு.

குழந்தைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

சளி, காய்ச்சலோடு வந்த தொண்டைக்கட்டு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே தெளியும். நான்கு வாரம் தாண்டியும் கரகரப்பு இருந்தால், குழந்தை நன்றாகச் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தாலும், காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டி 2009-இல் மூன்று மாதம் வரை அவகாசம் கொடுத்திருந்தது. 2018-இல் அதைத் திருத்தியபோது நான்கு வாரமாகக் குறைத்தார்கள். காரணம் தெரியாமல் காலம் கடத்துவதால் வரும் இழப்பு அதிகம் என்பதே அந்த மாற்றத்தின் பொருள்.

"வருது, போகுது" என்றால்? அதையும் நாள் குறித்துச் சொல்லுங்கள். கத்திப் பேசுவதால் குரல் நாணில் முடிச்சு வந்திருந்தால், குரல் ஓய்வெடுத்த பிறகு கொஞ்சம் தெளிவதும் விளையாடிய பிறகு மோசமாவதுமாக இருக்கும். தெளிவே இல்லாமல் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் கம்மல் வேறு வகை. அதற்கு நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியது எப்போது?

மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்றோ கரடுமுரடாகவோ சத்தம் கேட்டால். விலா எலும்புகளுக்கு நடுவிலோ கழுத்துக் குழியிலோ தோல் உள்வாங்கினால். உதடு நீலம் பாய்ந்தால். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடியவிட்டால். கழுத்தில் அடிபட்ட பிறகு குரல் மாறினால். இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். குரலை அளப்பதெல்லாம் பிறகுதான்.

நிலக்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை போன்றவற்றை வாயில் போட்டு விளையாடிய குழந்தைக்குத் திடீரெனப் புரையேறி, பிறகு குரல் மாறினாலோ இருமல் நிற்காவிட்டாலோ, அந்தப் பொருள் மூச்சுப்பாதையில் இருக்கலாம். இருமல் அடங்கிவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. தயவுசெய்து தொக்கம் எடுக்கக் கூட்டிப் போகாதீர்கள். மூச்சுக்குழலில் சிக்கிய பொருள் ஊதியும் உறிஞ்சியும் வராது. அதில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் குழந்தைக்கு ஆபத்து.

காய்ச்சலோடு குரல் கம்மி, கழுத்து வீங்கி, தொண்டையில் சாம்பல் நிறப் படலம் தெரிந்தால் தொண்டை அடைப்பானாக இருக்கலாம். டிப்தீரியா என்று சொல்வது இதைத்தான். இந்தியாவில் அது இன்னும் ஒழிந்துவிடவில்லை. பிறந்த 6, 10, 14 வாரங்களில் போட வேண்டிய தடுப்பூசியும், ஒன்றரை வயதையொட்டியும் 5 வயதிலும் போடும் ஊக்கத் தவணைகளும் முடிந்தனவா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.

முதலில் ஈ.என்.டி. மருத்துவரிடமா, ஸ்பீச் தெரபிஸ்டிடமா?

யாரிடம் முதலில் போனாலும் பரவாயில்லை. ஆனால் குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் குரல் நாண்களை ஈ.என்.டி. மருத்துவர் கண்ணால் பார்க்கும் முன் குரல் பயிற்சி தொடங்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரிக் கரகரக்கும் இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தைக்குக் குரல் நாணின் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில் இருபுறமும் சின்ன முடிச்சு. பள்ளிக் குழந்தைகளின் நீடித்த கம்மலுக்கு மிகப் பொதுவான காரணம் இதுதான், சிறுவர்களிடம் அதிகம். இன்னொரு குழந்தைக்கு ஹெச்.பி.வி. கிருமியின் 6, 11 ஆகிய வகைகளால் குரல்வளையில் வளரும் பாப்பிலோமா என்ற மருக்கள். முதல் குழந்தைக்குப் பயிற்சி போதும். இரண்டாவது குழந்தைக்கு மூச்சுப்பாதையே அடைபடலாம், அறுவை சிகிச்சை வேண்டும், அகற்றினாலும் திரும்ப வளரும். எவ்வளவு அனுபவம் உள்ள காதாலும் இந்த இரண்டையும் ஓசையை மட்டும் கேட்டு உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. பாப்பிலோமா உள்ள குழந்தைகள் ஆஸ்துமா என்று நீண்டகாலம் இன்ஹேலர் வாங்கிக்கொண்டிருப்பதும் நடக்கிறது. மருந்துக்கு அடங்காத "ஆஸ்துமா"வோடு குரலும் கம்மியிருந்தால், குரல்வளையைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது பெற்றோரின் உரிமை.

"வளர வளரச் சரியாகிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்களே?

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முடிச்சு உள்ள சிறுவர்களில் பலருக்குக் குரல் உடையும் வயதில், குரல்வளை பெரிதாகும்போது அது மறைந்துவிடுகிறது. ஆனால் மறையப்போவது முடிச்சுதானா, நீர்க்கட்டியா, பிறவியிலேயே உள்ள சவ்வா என்று பார்த்த பிறகுதான் "காத்திருக்கலாம்" என்று சொல்ல முடியும். காத்திருக்கும் அந்த ஐந்தாறு வருடமும் குழந்தைக்குப் பள்ளி இருக்கிறது. வகுப்பில் பதில் சொல்லக் கை தூக்காமல் விட்டுவிடுகிற பிள்ளைகளையும், பாட்டுப் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடுகிற பிள்ளைகளையும் நான் பார்க்கிறேன். குரல் கம்மிய குழந்தையைப் பெரியவர்களே "தவளை" என்று கூப்பிடுகிற வீடுகளும் உண்டு. அதை இன்றே நிறுத்துங்கள்.

முதல் நாள் என்னென்ன கேட்பார்கள்?

குரல்வளையைப் பார்க்கும் கேமராக் குழாயான ஸ்கோப்பை விடவும் சில சமயம் அதிகம் சொல்வது இந்த உரையாடல்தான். அவசரப்படுத்தாமல் பதில் சொல்லுங்கள்.

பிறப்பிலிருந்து தொடங்குவோம். குறைமாதக் குழந்தையா? வெண்டிலேட்டரில் இருந்ததா, எத்தனை நாள்? குழாய் குரல் நாண்களுக்கு நடுவே செல்வதால் அங்கே புண், தழும்பு, ஒட்டுதல் உண்டாகலாம். இதய அறுவை சிகிச்சை நடந்ததா? இடது குரல் நாணுக்குப் போகும் நரம்பு நேராகப் போவதில்லை. மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. அதனால் இதயத்தையொட்டிய ரத்தக் குழாயை மூடும் அறுவையின்போது அந்த நரம்பு பாதிக்கப்பட்டு, இடது நாண் அசையாமல் போகலாம். "இதயத்துக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைத்துப் பலர் இந்தத் தகவலைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் கட்டாயம் கொண்டு வாருங்கள்.

பிறகு அன்றாடம். காலையில் குரல் எப்படி, மாலையில் எப்படி? பால் குடிக்கும்போது புரையேறுகிறதா? புளித்த ஏப்பம், இரவு இருமல்? ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறதா, எடுத்த பிறகு வாய் கொப்பளிக்கிறதா? தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது? பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகள் நிறைய. இதைக் கேட்காமல் விட்டால் எந்த அறிவுரையும் பலிக்காது.

வீட்டில் யார் சத்தமாகப் பேசுவார்கள்? காது மந்தமான தாத்தா பாட்டி இருக்கிறார்களா? டி.வி. ஓடிக்கொண்டே இருக்கிறதா? கபடி, கிரிக்கெட், வகுப்புத் தலைவர் பொறுப்பு? எல்லோரும் சேர்ந்து உரக்க ஒப்பிக்கும் டியூஷனா? இப்படிக் கேட்பது யாரையும் குற்றம் சொல்ல அல்ல. குழந்தை தன் குரலை எங்கே, எவ்வளவு செலவழிக்கிறது என்று தெரிந்தால்தான் எதை மாற்றலாம் என்று யோசிக்க முடியும்.

ஒரு வேண்டுகோள். புது ஆளைப் பார்த்ததும் குழந்தை வாயே திறக்காது, அல்லது மிக நல்ல பிள்ளையாக மெதுவாகப் பேசும். அதனால் காலையில் எழுந்ததும் ஒன்று, விளையாடும்போது ஒன்று, இரவு படுக்கும் முன் ஒன்று என்று செல்போனில் பதிவு செய்து கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும்.

காதால் கேட்டு மதிப்பெண் போடுகிறார்களாமே, அது நம்பகமானதா?

பயிற்சி பெற்ற காதுதான் குரல் பரிசோதனையின் அடிப்படை. கிர்பாஸ் என்று உச்சரிக்கப்படும் ஜப்பானிய அளவுகோலில் ஒட்டுமொத்தக் குறை, கரகரப்பு, காற்று கலந்த தன்மை, பலவீனம், இறுக்கம் என்ற ஐந்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிடுவோம். 2002-இல் அமெரிக்காவில் நடந்த வல்லுநர் கூட்டத்தின் வழியாக உருவான கேப்-வி முறையில் 100 மி.மீ. நீளக் கோட்டில் குறியிட வேண்டும். சின்ன மாற்றத்தையும் அதில் காட்டலாம். கேப்-வி முறைக்குத் தமிழ் வாக்கியங்களும் உருவாக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்க் குழந்தையைத் தமிழில் பேசவைத்துத்தான் கேட்க வேண்டும். ஆங்கில வாக்கியத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையிடம் கேட்பது அதன் இயல்பான குரல் அல்ல.

காதுக்குக் காது மதிப்பெண் கொஞ்சம் மாறும் என்பது உண்மை. அதனால்தான் பதிவு செய்து வைத்து, சிகிச்சைக்குப் பிறகு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கிறோம்.

மூச்சைப் பிடித்து "ஆ..." சொல்லச் சொன்னார்கள். எதற்கு?

ஒரே மூச்சில் எத்தனை நொடி இழுக்க முடிகிறது என்று பார்க்க. ஆறேழு வயதுக் குழந்தை சுமார் 10 நொடி இழுக்கும். நான்கு நொடியிலேயே காற்றெல்லாம் தீர்ந்துவிட்டால், நாண்கள் சரியாக மூடாமல் காற்று கசிகிறதோ என்ற சந்தேகம் வரும். அடுத்து "ஸ்ஸ்ஸ்" என்ற ஓசையையும், வண்டு ரீங்கரிப்பது போன்ற அதன் அதிர்வு வடிவத்தையும் (ஆங்கில z ஓசை) இழுக்கச் சொல்லி இரண்டின் நேரத்தையும் ஒப்பிடுவோம். முதலாவது இரண்டாவதைப் போல 1.4 மடங்குக்கு மேல் நீண்டால் கவனிக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல்: அந்த ரீங்கார ஓசை தமிழில் தனி எழுத்தாக இல்லை. வீட்டில் தமிழ் மட்டும் பேசும் சின்னக் குழந்தைக்கு அது வாயில் வராது. குரல் நன்றாக இருந்தாலும் எண் தப்பாக வரும். அதனால் இந்த ஒரு சோதனையை வைத்து நான் முடிவெடுப்பதில்லை. விளையாட்டாகச் செய்யவைத்து, மூன்று முறையில் சிறந்ததை எடுத்துக்கொள்வோம்.

கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டில் வரும் எண்களுக்கு என்ன பொருள்?

முதல் எண் அடிப்படை அதிர்வெண். குரல் நாண் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது. தொடக்கப்பள்ளி வயதில் அது ஏறக்குறைய 250 முதல் 300 ஹெர்ட்ஸ் இருக்கும். வளர்ந்த ஆணுக்குச் சுமார் 120. நாணின் நீளமே மாறுவதால் இப்படி: பிறந்த குழந்தைக்குச் சில மில்லிமீட்டர்தான், வளர்ந்த ஆணுக்கு 17 முதல் 21 மி.மீ. நீளம் மட்டுமல்ல, அமைப்பும் வேறு. பெரியவர்களின் நாணில் உள்ள அடுக்குகள் குழந்தைக்கு முழுதாக உருவாகியிருக்காது, பதின்பருவம் வரை மெல்ல மெல்லத்தான் உருவாகும். அதனால் பெரியவர்களுக்கான அளவை வைத்துக் குழந்தையின் ரிப்போர்ட்டில் சிவப்புக் கோடு போடுவது தவறு. எந்த வயதுக்கான அளவோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.

ஜிட்டர், ஷிம்மர் என்பவை அதிர்வின் வேகத்திலும் வலிமையிலும் உள்ள ஒழுங்கின்மையைச் சொல்பவை. குரல் ரொம்பக் கெட்டிருந்தால் இந்த எண்களே பொருளற்றவை. அதிர்வு ஓரளவு சீராக இருந்தால்தான் கணினியால் ஒவ்வொரு அதிர்வையும் பிரித்து எண்ண முடியும். ஆம்ஸ்டர்டாமில் உருவான பிராட் என்ற இலவச மென்பொருளிலேயே இந்த அளவுகளை எடுக்கலாம். விலையுயர்ந்த கருவி இல்லை என்பதால் பரிசோதனை குறைவானது ஆகிவிடாது. அமைதியான அறையும் நல்ல மைக்கும்தான் முக்கியம்.

கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொன்னார்களே?

பி.வி.ஹெச்.ஐ. என்ற பட்டியலாக இருக்கலாம். 2007-இல் வெளிவந்தது, 23 வாக்கியங்கள். குரலால் அன்றாட வேலை, உடல், மனம் மூன்றும் எவ்வளவு பாதிக்கப்படுகின்றன என்பதைப் பெற்றோர் குறிக்க வேண்டும். ஆனால் பெற்றோருக்குத் தெரியாதது குழந்தைக்குத் தெரியும். ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் குழந்தையிடம் தனியாகவும் கேட்பேன். "ஸ்கூல்ல யாராவது ஏதாவது சொல்றாங்களா கண்ணு?" என்ற ஒரு கேள்விக்கு வரும் பதில், அம்மா அப்பா நிரப்பிய தாளோடு ஒத்துப்போகாத நாட்கள் உண்டு.

ஸ்கோப் போட்டால் வலிக்குமா? மயக்க மருந்து கொடுப்பார்களா?

பெரும்பாலும் மயக்கமே வேண்டாம். மூக்கில் மரத்துப்போகும் மருந்து விட்டு, வளைந்து கொடுக்கும் மெல்லிய குழாயை மூக்கு வழியாக விடுவார்கள். குழந்தைகளுக்கானது 2 முதல் 3 மி.மீ. தடிமன்தான். குழந்தை உங்கள் மடியிலேயே உட்கார்ந்திருக்கலாம். கூச்சமாக, அழுத்தமாக இருக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கைக்குழந்தைக்கும் செய்யலாம், அழுதாலும் நாண்கள் அசைவதைப் பார்க்க முடியும்.

"ஒண்ணுமே பண்ண மாட்டாங்க" என்று பொய் சொல்லிக் கூட்டி வராதீர்கள். பொய் தெரிந்த கணத்தில் குழந்தை எங்களையும் நம்பாது, உங்களையும் நம்பாது. "மூக்குல சின்ன கேமரா போகும், கூசும், நான் உன்னைப் பிடிச்சுக்கறேன், திரையில உன் தொண்டையை நீயே பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். திரையில் தன் குரல் நாணைப் பார்த்த குழந்தைகள் அதன் பிறகு பயிற்சியில் காட்டும் ஆர்வமே தனி. பரிசோதனை முடிந்ததும் மரத்த உணர்வு போகும் வரை சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம்.

வாய் வழியாக விடும் விறைப்பான ஸ்கோப்பில் படம் இன்னும் தெளிவு. ஆனால் நாக்கை நீட்டி, அசையாமல் "ஈ..." சொல்ல வேண்டும் என்பதால் ஆறேழு வயதுக்கு மேல்தான் சாத்தியம். நொடிக்கு இருநூற்றைம்பது முறை அதிரும் நாணை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. ஸ்ட்ரோபோஸ்கோப் ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சி, அதிர்வு மெதுவாக நடப்பதுபோல் காட்டும். முடிச்சுக்கும் உள்ளே புதைந்த நீர்க்கட்டிக்கும் உள்ள வேறுபாடு அதில்தான் வெளிப்படும். மூச்சுத்திணறல் இருந்தாலோ, மருவோ சவ்வோ சந்தேகப்பட்டாலோ, மயக்கம் கொடுத்து முழு மூச்சுப்பாதையையும் பார்ப்பார்கள். அப்போது நாண் அசைவு சரியாகத் தெரியாது என்பதால் விழித்திருக்கும்போது பார்ப்பதற்கு அது மாற்று அல்ல.

குரல்தானே பிரச்சினை, காது பரிசோதனை எதற்கு?

தன் குரலே சரியாகக் கேட்காத குழந்தை சத்தமாகத்தான் பேசும். காதில் சளி நீர் கோத்திருப்பது குழந்தைகளுக்கு மிகச் சாதாரணம், வெளியே தெரியாது. அதைச் சரிசெய்யாமல் "மெதுவாப் பேசு" என்று ஆயிரம் முறை சொல்லியும் பயனில்லை.

மூக்கால் பேசுகிறான். அதுவும் குரல் குறைதானா?

அது குரல் நாணில் வருவதில்லை, ஒலி எதிரொலிக்கும் இடத்தில் வருகிறது. ஆனாலும் அதே அமர்வில் பார்ப்போம். "பாப்பா", "தாத்தா", "காக்கா" ஆகியவற்றில் மூக்கொலியே கிடையாது. இவற்றைச் சொல்லும்போது மூக்கின் கீழே பிடித்த கண்ணாடியில் ஆவி படிந்தால் அண்ணம் சரியாக மூடவில்லை என்று பொருள். நேர்மாறாக "மாமா" என்பது "பாபா" போலக் கேட்டால் மூக்கு அடைத்திருக்கிறது; மூக்கின் பின்பக்கம் உள்ள அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம்.

கைக்குழந்தையின் அழுகையே வித்தியாசமாக இருக்கிறது.

பிறந்ததிலிருந்தே சத்தமில்லாமல் அழுதால் நாண் அசையாமலோ நடுவே சவ்வோடோ இருக்கலாம். முரட்டுக் குரலில் அழுது, மலச்சிக்கலும் சோர்வும் இருந்தால் தைராய்டு சோதனை அவசியம். பிறந்த சில வாரங்களில் மூச்சிழுக்கும்போது சத்தம் வரத் தொடங்கி, மல்லாந்து படுத்தாலோ பால் குடித்தாலோ கூடினால், குரல்வளைச் சதை தளர்ந்திருக்கும் லாரிங்கோமலேசியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் அழுகையின் தொனி சரியாகவே இருக்கும். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாகச் சரியாகும். எடை ஏறாவிட்டால் காத்திருக்கக் கூடாது.

பையனுக்குப் பதினாறு வயது. இன்னும் கீச்சுக்குரல்தான். ஹார்மோன் குறைபாடா?

மீசை, உயரம் போன்ற மற்ற வளர்ச்சியெல்லாம் வந்திருந்தால் பெரும்பாலும் இல்லை. ஆண் குரல் வழக்கமாக 12 முதல் 15 வயதுக்குள் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். குரல்வளை வளர்ந்த பிறகும் பழைய சுருதியிலேயே பேசும் பழக்கம் நிலைத்துவிடுவதுண்டு. சோதிக்க எளிய வழி, இருமச் சொல்வதும் தொண்டையைச் செருமச் சொல்வதும். அதில் கனமான ஆண் குரல் வந்தால் கருவி நன்றாக இருக்கிறது என்று பொருள். ஸ்கோப்பில் நாண்களும் இயல்பாக இருந்தால், குரல் பயிற்சியில் மிக நன்றாக, பலருக்குச் சில அமர்வுகளிலேயே மாறிவிடும். மற்ற பருவ மாற்றங்களும் வரவில்லை என்றால்தான் ஹார்மோன் சோதனை.

பாட்டு வகுப்பை நிறுத்த வேண்டுமா?

உடனே நிறுத்தச் சொல்ல மாட்டேன். எந்தக் கட்டையில் பாடுகிறாள் என்று முதலில் கேட்பேன். ஆசிரியரின் சுருதிக்கோ, குழுவில் எல்லோருக்கும் பொதுவாக வைத்த சுருதிக்கோ ஈடுகொடுக்க முடியாமல் மேல் ஸட்ஜத்தில் கழுத்து நரம்பு புடைக்கப் பாடும் குழந்தைக்குச் சுருதியை மாற்றினாலே பாதி வேலை முடியும். பரிசோதனையின்போது சரளி வரிசையைப் பாடவைத்து, எந்தச் சுரத்தில் குரல் உடைகிறது என்று குறித்துக்கொள்வேன். அந்தக் குறிப்பை ஆசிரியரிடம் காட்டுங்கள்.

வரும் முன் வீட்டு வைத்தியம் செய்யலாமா?

வெந்நீர், பனங்கற்கண்டுப் பால் எல்லாம் தொண்டைக்கு இதம்தான், முடிச்சைக் கரைக்காது. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. குசுகுசுவென்று பேசவைப்பதும் வேண்டாம், பல குழந்தைகள் அதில் தொண்டையை இன்னும் இறுக்குகின்றன. மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைத் தொண்டைக்கட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

அரசு மருத்துவமனையில் இதெல்லாம் கிடைக்குமா?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஸ்கோப் பரிசோதனை உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்காக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. அங்கே செவித்திறன், பேச்சுப் பரிசோதனையும் மேல் சிகிச்சைக்கான பரிந்துரையும் இலவசம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் குழந்தையின் குரலைப் பற்றிச் சொன்னால் அவர்களே அனுப்பிவைக்கலாம். போகும்போது தடுப்பூசி அட்டை, பழைய ரிப்போர்ட்டுகள், செல்போன் பதிவுகள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது ஸ்கோப் படத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒப்பிட அது வேண்டும்.